மழை விட்ட மறுநாள் வாசலுக்கு வந்த ஆமை

கேட்டிருப்பவர் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு புதிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறியவர். அக்டோபர் மழை விட்ட மறுநாள் காலை, கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவில் ஓர் ஆமை கிடந்திருக்கிறது. தொட்டதும் தலை, கால் எல்லாம் உள்ளே போய், அடிப்பக்கத்தில் கதவு சாத்தியதுபோல மூடிக்கொண்டதாம். மாமியார் "ஆமை புகுந்த வீடு" என்று ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் கிணற்றில் விடச் சொல்கிறார், தண்ணீர் சுத்தமாகுமாம். தெருமுனைக் கடைக்காரர் மூலத்துக்கு நல்ல மருந்து என்று கண்ணடிக்கிறார். இப்போதைக்கு ஒரு பெயிண்ட் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் விட்டிருக்கிறார்கள். இது என்ன ஆமை, இதை என்ன செய்வது என்பது கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாளித் தண்ணீரைக் குறையுங்கள், முதுகு நனைந்தால் போதும். ஆமைக்கும் மூச்சு நுரையீரலில்தான். காலூன்ற இடமில்லாத ஆழ்ந்த வாளியில் நாள் முழுக்க நீந்திக் களைத்தால் மூழ்கிச் சாகும். இன்று மாலைக்குள் அது வந்த ஏரிக்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். கிணறு வேண்டாம், தொட்டி வேண்டாம், கடைக்காரர் வேண்டவே வேண்டாம். மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம்.

"கதவு சாத்தியதுபோல" என்று எழுதியிருக்கிறீர்களே, அடையாளத்துக்கு அது ஒன்றே போதும். வந்திருப்பது பால் ஆமை. தமிழ்நாட்டு நன்னீர் ஆமைகளில் பின்னங்கால்களை மறைப்பதற்கென்றே வயிற்றோட்டில் இரண்டு தோல் மடல்கள் உள்ளது இது மட்டும்தான். நம் குளங்களில் இதோடு சேர்ந்து வாழும் கார் ஆமைக்கு ஓடு கட்டியானது, கறுத்தது, முதுகில் மூன்று வரப்புகள் ஓடும். அதுவும் தலையை இழுத்துக்கொள்ளும், ஆனால் கால்கள் இடுக்கில் தெரிந்துகொண்டேதான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வளர்ப்புக் கடை வழியாக வந்தது, அதை எந்த ஏரியிலும் விடக்கூடாது. நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, விரலிடைச் சவ்வு கிடையாது, தண்ணீரில் போட்டால் தத்தளிக்கும். ஆங்கிலத்தில் டர்ட்டில், டார்ட்டாய்ஸ் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், நமக்கு எல்லாம் ஆமைதான். இந்த ஒரே பெயரால் எத்தனையோ நட்சத்திர ஆமைகளை நல்லெண்ணத்தோடு கிணற்றில் போட்டுக் கொன்றிருக்கிறோம்.

உங்களுக்கு அரை மணி நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஆமையை நிழலான தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். மூடியது திறக்கும் அழகு பார்க்க வேண்டியது. முதலில் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகலாம். பிறகு முன்பக்க இடுக்கில் ஈரமான ஒரு சின்னக் குழாய் நுனி தெரியும், அதில் இரண்டு துளைகள். அதுதான் மூக்கு. பன்றி மூக்கைக் குட்டியாக்கி நீட்டியதுபோல இருக்கும். அந்த மூக்கு காற்றை மோந்துகொண்டே நிற்கும். அப்புறம் கண்கள், சின்னதாக, பக்கத்துக்கு ஒன்று. அதன்பின் கழுத்து வரும், வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு நீளம் எங்கே மடிந்திருந்தது என்று தோன்றும். முன்னங்கால் வெளியே வந்தால் நகங்களை எண்ணிப் பாருங்கள். விரல்கள் ஐந்து, நகங்கள் மூன்றுதான். இந்தக் குடும்பத்து ஆமைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான், குடும்பத்தின் அறிவியல் பெயருக்கே மூன்று நகம் என்றுதான் பொருள். கடைசியாகத்தான் பின் மடல்கள் தளரும். அதுவரை அது உங்களை நம்பவில்லை என்று அர்த்தம்.

அப்போது வாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்து, ஓட்டுக்கு வெளியே நீண்டிருந்தால் ஆண். குட்டையாக உள்ளடங்கி இருந்தால் பெண். பெண்தான் பெரிதாக வளரும். முழு வளர்ச்சியில் ஓடு 35 சென்டிமீட்டரை எட்டுவதும் உண்டு, ஆனால் நம் ஏரிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியவை. இந்த அக்டோபரில் வந்தது ஆணா பெண்ணா என்பது முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பால் ஆமை என்ற பெயர் அதன் வயிற்றின் நிறத்தால் வந்தது என்பார்கள். முதுகு சேற்றுப் பச்சை, புரட்டினால் அடிப்பக்கம் பாலாடை நிறம். இலங்கையில் சிங்களத்திலும் இதன் இனத்தைக் கிரி இப்பா என்கிறார்கள், கிரி என்றால் பால். அறிவியல் பெயர் லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா. முதற்பாதிக்கு வழவழப்பான ஆமை என்று பொருள், பிற்பாதிக்குப் புள்ளியிட்டது என்று பொருள். இந்த விலங்கை ஐரோப்பிய அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் பிரெஞ்சுக்காரர் லாசெப்பேட், 1788-இல். அவரிடம் இருந்தது சொன்னெரா என்ற பயணி இந்தியாவிலிருந்து கொண்டுபோன மாதிரி. சொன்னெரா வாழ்ந்த ஊர் புதுச்சேரி. பிற்காலத்தில் இந்த இனத்தின் மூல இடம், அதாவது முதல் மாதிரி கிடைத்ததாகக் கொள்ளும் ஊர், எது என்று வரையறுத்தபோது புதுச்சேரியையே குறித்தார்கள். ஆக, உலகத்துப் பால் ஆமைகளுக்கெல்லாம் ஆதாரப் பத்திரம் பதிவானது நம் சோழமண்டலக் கரையில். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் தெற்கத்திய பால் ஆமையின் முதுகில் மஞ்சள் புள்ளி கிடையாது. அழகாக மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டிருப்பது கங்கை, சிந்துச் சமவெளியில் வாழும் வடக்கத்தியது. அதற்கோ 1980-இல்தான் தனியாக ஒரு துணையினப் பெயர் கிடைத்தது. இலங்கையில் இருப்பதைப் பல காலம் நம்முடையதோடு சேர்த்தே வைத்திருந்தார்கள், மரபணு ஆய்வுக்குப் பிறகு 2011-இல் அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். 2020 ஜூலையில் ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்துச் சுஜன்பூரில் முழுக்க மஞ்சளான ஓர் ஆமை கிடைத்து நாடே படம் பகிர்ந்ததே, அதுவும் பால் ஆமைதான். நிறமி குறைந்து பிறந்த ஒன்று, வேறு அதிசயம் எதுவும் இல்லை.

இது மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற ஆமைகளில் பெரும்பாலானவற்றின் ஓட்டின் மேல் நகம் போன்ற தகடுகள் பாவியிருக்கும். இந்தக் குடும்பத்தில் தகடுகள் கிடையாது, எலும்புக்கு மேல் ஈரத்தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்கு ஒரு பயன் உண்டு. நீருக்கடியில் கிடக்கும்போது தோல் வழியாகவும் தொண்டையின் உட்சவ்வு வழியாகவும் கொஞ்சம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். சேற்றில் புதைந்தபடி கழுத்தை மட்டும் மேலே அனுப்பி, மூக்கு நுனியால் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி உள்ளே வாங்கிக்கொள்ளும். ஏரியில் காற்றில்லாத மதியம் குமிழி போல ஒரு புள்ளி எழுந்து மறைந்தால் அது மீனாக இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் ஈரத்தோலால் ஒரு தொல்லையும் உண்டு, தண்ணீருக்கு வெளியே அது சீக்கிரம் காய்ந்துபோகும். வருடம் முழுக்க நீர் ஓடும் பெரிய ஆறுகளில் வாழும் உறவினர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. காவிரி, பவானியில் வாழும் லீத் மெல்லோட்டு ஆமை தட்டையாக, விளிம்பெல்லாம் தோலாகத் துவண்டிருக்கும். பால் ஆமையோ மெல்லோட்டுக் குடும்பத்தில் பிறந்தும் ஓட்டை மறுபடி கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டது. முதுகோட்டின் பின் விளிம்பில் சிறு எலும்புகள் வரிசையாக இருக்கும், முதுகு குவிந்திருக்கும், வயிற்றோட்டின் முன்பகுதி மேலெழும்பி முதுகோட்டோடு பொருந்தும், பின்னால் மடல்கள். இதேபோல மடல் வைத்த நெருங்கிய உறவுகள் வேறு எங்கே இருக்கின்றன தெரியுமா? ஆப்பிரிக்காவில். அங்கேயும் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் நாடுகளில். மடல் எதிரிக்காகவா, வெயிலுக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும் உதவுகிறது என்பதுதான் நிதானமான பதில். என் மனம் வெயில் பக்கமே சாய்கிறது.

காரணம், நம் ஏரி. ஏரி என்றதும் தண்ணீர் என்று நினைக்கிறோம். உண்மையில் வட தமிழ்நாட்டு ஏரி பாதி வருடம் ஏரி, பாதி வருடம் மைதானம். அக்டோபரில் நிரம்பத் தொடங்கி, டிசம்பரில் கலிங்கு தாண்டி, தை மாசியில் மதகு வழியே வயலுக்குப் போய், சித்திரை வைகாசியில் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கி, அதுவும் இல்லாமல் போனால் பையன்கள் மட்டையும் பந்துமாக வந்துவிடுவார்கள். இந்த இடத்தில் குடியிருக்க வேண்டிய ஓர் ஆமைக்கு நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது, தண்ணீர் இல்லாமல் காத்திருக்கவும் தெரிய வேண்டும். பால் ஆமையின் உடம்பிலும் வாழ்க்கையிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் காத்திருப்புதான் தெரிகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதம், எங்கள் பக்கத்து ஏரியில் வயலுக்கு வண்டல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வெடித்த கரம்பை, பாளம் பாளமாக. ஒருவர் மண்வெட்டியைப் போட்டார், கல்லில் பட்ட சத்தம். ஏரி நடுவில் கல் ஏது என்று கையால் தோண்டினார். முழங்கால் ஆழத்தில், இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருந்த களிமண்ணில், அச்சு வார்த்ததுபோல ஒரு பள்ளம், அதில் ஓர் ஆமை. நாலு பக்கமும் மண் அப்பி உருண்டையாக இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தோம். ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். மண் கரைந்து மடலின் கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது. வெட்டியவர் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "கீழ இன்னும் ரெண்டு மூணு இருக்கும் சார்" என்றார். அந்தப் பாகத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் வெட்டப் போய்விட்டார். மண்வெட்டிக்கு இந்த நிதானம் உண்டு. இப்போது தூர்வார வரும் பொக்லைனுக்கு அது கிடையாது, வாளியில் என்ன ஏறுகிறது என்று ஓட்டுநருக்கே தெரியாது. கோடையில் தூர்வாருவது நல்ல காரியம்தான். ஏரியை ஒரே மூச்சில் கரையிலிருந்து கரை வரை சுரண்டாமல் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு விட்டுவைத்தால் ஆமையும் பிழைக்கும், விரால் குஞ்சும் பிழைக்கும்.

ராஜஸ்தானில் ஓர் ஏரி வற்றியபோது இந்த ஆமைகள் என்ன செய்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ஆஃபன்பர்க் உட்கார்ந்து பார்த்து 1981-இல் எழுதியிருக்கிறார். பால் ஆமைகள் மண்ணில் புதைவதும், ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தரைவழியே நடப்பதும் ஆக இரண்டு உத்திகளையும் கையாள்கின்றன. 160 நாள் வரை வறட்சியைத் தாக்குப்பிடிக்கும் என்பது பதிவு. ஐந்து மாதத்துக்கும் மேல். நம் ஊரில் ஏரி வற்றி மறுபடி நனைவதற்கு ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகிறது. ஆனால் எல்லாம் பிழைப்பதில்லை. மழை பொய்த்த வருடத்துக்குப் பிறகு ஏரிக்குள் நடந்தால் வெளுத்த ஓடுகள் கிடக்கும். எடுத்துப் பாருங்கள், எலும்பின் மேற்பரப்பு முழுக்க அம்மி கொத்தியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். தகடு பாவிய ஆமைகளின் எலும்பு இப்படி இருக்காது. ஹரப்பா காலத்து ஊர்களில் தோண்டும்போதும் பால் ஆமையின் எலும்புத் துண்டு துணுக்குகள் கிடைக்கின்றன. அப்போதும் மனிதர்கள் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் இதற்கு ஆசாரம் எதுவும் இல்லை. நத்தை, தவளை, தலைப்பிரட்டை, நண்டு, இறால், பூச்சி, அகப்படும் சின்ன மீன், செத்து மிதக்கும் பெரிய மீன், நீர்ப்பூண்டு, அல்லித் தண்டு, என்ன கிடைக்கிறதோ அது. வருடத்தில் ஆறு மாதம் பட்டினி கிடக்க வேண்டியவன் பந்தியில் வகை பார்ப்பதில்லை. நத்தையை அது தின்னும் விதம் ரசிக்கத்தக்கது. கழுத்து மெதுவாக நீண்டு, நத்தைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும். வாயில் கவ்வியதை முன்னங்கால் நகங்களால் பிய்த்துத் தள்ளும். உங்கள் விரலுக்கும் இதே வேகம்தான் என்பதை நினைவில் வையுங்கள். பல் கிடையாது, தாடை விளிம்பு கத்தரிக்கோல் மாதிரி. செத்ததைத் தின்பதால் ஏரிக்கு இது ஒரு துப்புரவுத் தொழிலாளி. அறுபது வீட்டுக் கழிவுநீர் வந்து விழும் ஏரியை ஆமை சுத்தமாக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இணைசேரும் காலத்தில் ஆண் தன் கழுத்தை நீட்டிப் பெண்ணின் முதுகோட்டைத் தாடையால் தடவும். பெண்ணுக்குச் சம்மதமென்றால் இரண்டும் எதிரெதிரே நின்று, கழுத்தை முழுக்க நீட்டி, தலையை மேலும் கீழுமாக ஆட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் சம்பந்தம் பேசி முடித்துத் தலையாட்டுவது போலவே இருக்கும். பிறகு பெண் அடியில் போய் அமர, மற்றது நீருக்குள் நடக்கும்.

முட்டைதான் இந்த ஆமையின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பல இடங்களில் ஆகஸ்ட் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை பெண் கரையேறும். நீர் மட்டத்துக்கு மேலே, வெயில் படும் மண்ணைப் பின்னங்கால்களால் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஒரு தடவைக்கு இரண்டும் இருக்கலாம், பதினைந்தைத் தொடுவதும் உண்டு. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை இடும். முட்டை உருண்டையானது, விட்டம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் சென்டிமீட்டர் வரை, பெரிய கோலிக்குண்டு போல. கடலாமை முட்டை அழுத்தினால் குழியும், இது கோழிமுட்டை போல உடையும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சாதாரண ஆமை முட்டை இரண்டு மூன்று மாதத்தில் பொரிந்துவிடும். நவம்பரில் இட்ட முட்டை பிப்ரவரியில் பொரிந்தால் குஞ்சு எங்கே போகும்? சுருங்கிக்கொண்டிருக்கும் ஏரியில், கொக்குகளுக்கு நடுவில், கோடையைப் பார்த்தபடி. நான்கு சென்டிமீட்டர் உடம்புக்கு மண்ணில் புதைந்து ஐந்து மாதம் பட்டினி கிடக்கும் சேமிப்பு இருக்காது. பால் ஆமை முட்டை பொரிய ஒன்பது மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, ஒரு வருடத்தை நெருங்கும் பதிவுகளும் உண்டு. மனிதக் கர்ப்பத்துக்கு ஈடு. கரு மெதுவாக வளர்வதால் அல்ல. தொடக்கத்திலேயே ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்குகிறது. பிறகு வெப்பம் மாற மாற விழித்து வளர்கிறது. முழுக்க உருவான பிறகும் குஞ்சு உடனே ஓட்டை உடைப்பதில்லை, உள்ளேயே காத்திருக்கிறது. மழை வந்து மண் ஊறி முட்டை நனைந்ததும் உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. தாய் மண்ணுக்குள் காத்திருக்கும் அதே கோடையில், கரை மேட்டில் பிள்ளை முட்டைக்குள் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே மழையில் எழுகின்றன.

இந்த ஆமைகளைச் சென்னை முதலைப் பண்ணையில் அக்கறையாகக் கவனித்தவர்களில் ஒருவர் ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அவரைச் சொல்வார்கள். காணாமல் போனதாகக் கருதப்பட்ட கொச்சிப் பிரம்பு ஆமையை 1982-இல் கேரளக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தவர். இளம் வயதிலேயே, 1987-இல், இறந்துபோனார். 2006-இல் அந்தக் காட்டு ஆமையின் பேரினத்துக்கு விஜயாகெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

இனி உங்கள் வாசலுக்கு வருவோம். அக்டோபர், முதல் பெருமழை. புதைந்து கிடந்தது எழுந்து நீரைத் தேடி நடக்கும் நேரம் அது. வாலைப் பார்க்கச் சொன்னேனே, பெண்ணாக இருந்தால் இன்னொரு காரணமும் சேரும், முட்டையிட மேடு தேடி வந்திருக்கலாம். ஏரிக்கரையை ஒட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, வெயில் படும் திறந்த இடம். உங்கள் மனைப்பிரிவின் விளம்பரத்திலும் ஏறக்குறைய இதே வர்ணனைதான் இருந்திருக்கும். அது பழைய விலாசத்துக்கு வந்திருக்கிறது. தோட்டத்தில் புதிதாகக் கிளறி மூடிய மண் ஏதாவது தெரிந்தால் தோண்டாதீர்கள், ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து, அடுத்த மழைக்காலம் வரை அந்த இடத்தில் சிமெண்ட் பூசாமல் இருந்தால் போதும்.

மாமியாரிடம் என்ன சொல்வது? "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி. அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் நீதிமன்றச் சிப்பந்தி. அது ஆமையே அல்ல, பொறாமை, கல்லாமை, முயலாமை என்று சொற்களின் வாலில் வரும் ஆமை என்று இப்போது ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கெட்டிக்காரத்தனமான விளக்கம், எனக்கு நம்பிக்கை இல்லை. கிராமத்தில் ஆமை வீட்டுக்குள் வருகிறது என்றால் ஏரி உடைந்திருக்கிறது, அல்லது வெள்ளம் வீட்டுப் படி ஏறிவிட்டது என்று பொருள். அந்த வருடம் நெல் போயிருக்கும், அடுத்து அமீனா வருவதும் நடந்திருக்கும். ஆமை பாவம், வெள்ளத்தோடு வந்தது. இப்படி நினைப்பது என் ஊகம்தான், ஆனால் வால் விளக்கத்தை விட இதில் சேறு கொஞ்சம் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அவர் சமாதானமாகவில்லை என்றால், பெருமாள் எடுத்த அவதாரங்களில் ஒன்றுதான் இது என்று நினைவூட்டுங்கள். வாசலுக்கு வந்தவரை மரியாதையாக ஏரிக்கு அனுப்பிவைப்பதில் அவருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கடைக்காரர் விஷயம் விளையாட்டல்ல. மூலத்துக்கோ வேறு எதற்கோ ஆமைக்கறி மருந்து என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. நரி, கீரி, உடும்பு எல்லாம் காலங்காலமாக ஆமையையும் முட்டையையும் தின்றுதான் வந்திருக்கின்றன, அதனால் இந்த இனம் அழியவில்லை. மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவதுதான் வேறு கணக்கு. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ஒரே சோதனையில் 6,430 பால் ஆமைகள் பிடிபட்டன, மொத்த எடை 4 டன்னுக்கும் மேல். 2009-க்கும் 2019-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்தியாவில் கடத்தலில் சிக்கிய ஆமைகள் ஒரு லட்சத்துக்கும் மேல், அவற்றில் அடிக்கடி தென்படும் பெயர்களில் பால் ஆமை ஒன்று. கிழக்கு மாநிலங்களில் கறிக்காக விற்கிறார்கள். ஓட்டு விளிம்பின் குருத்தைக் காயவைத்து எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் எந்தக் குட்டையிலும் கிடைத்த விலங்கு, 2021-இல் உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம் என்ற வகைக்கு ஏறிவிட்டது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. பிடித்தாலும், விற்றாலும், வீட்டில் வளர்த்தாலும் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. வாஸ்துவுக்காக வாங்கினேன் என்றால் நீதிபதி ஒப்புக்கொள்ள மாட்டார்.

கிணற்றில் ஆமை விடும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது உண்மைதான். புழு பூச்சியைத் தின்னும், விழுந்து செத்ததைத் தின்னும், அந்த அளவுக்கு எதிர்வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் அதுவும் உள்ளேயேதான் கழிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. உங்கள் கிணறு உறை இறக்கியதாக இருக்கும். சுவரில் ஏற முடியாது, வெயில் காய இடமில்லை, முட்டையிட மண் இல்லை, துணை இல்லை. நான் பார்த்த ஒரு கிணற்று ஆமை அப்படியே இருபது வருடத்துக்கும் மேல் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்ததாக அந்த வீட்டுப் பாட்டி பெருமையாகச் சொன்னார். மேலே இருந்து எட்டிப் பார்த்தபோது அதன் முதுகு வட்டமாகத் தெரிந்தது, வாளி இறங்கும் சத்தம் கேட்டதும் ஓரம் ஒதுங்கியது. எனக்குப் பெருமையாக இல்லை.

கொண்டுபோகும் முறை எளிது. ஓட்டின் பின்பாதியில், இரண்டு பக்கமும் கைவைத்துத் தூக்குங்கள். முன்பக்கமாகவோ நடுவிலோ பிடித்தால் அந்தக் கழுத்து திரும்பி வந்து எட்டிவிடும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காலால் உதறும், வழுக்கும், அதனால் தரைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கு விரித்த அட்டைப்பெட்டி போதும், தண்ணீர் வேண்டாம். ஓட்டில் விரிசலோ ரத்தமோ தெரிந்தால் விடாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். எலும்பு உடைந்தது, பசை தடவி ஒட்டும் வேலை இல்லை. எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆமையின் தோலில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கும்.

எந்த ஏரி என்று யோசிக்க வேண்டாம், மிக அருகில் இருப்பதுதான். பெரிய ஆற்றில் விட்டால் நன்றாக இருக்கும், கோவில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று யாராவது சொல்வார்கள். இது வற்றும் ஏரிக்கென்றே ஆனது, அந்த ஏரியின் மேடு பள்ளம் அதற்குத் தெரியும். சாலைப் பக்கம் அல்லாமல் கோரைப்புல் அடர்ந்த ஓரமாகப் பாருங்கள், வலை கட்டியிருக்கும் இடத்தைத் தவிருங்கள். தண்ணீருக்குள் எறிய வேண்டாம். விளிம்பில், ஈர மண்ணில் வைத்துவிட்டுப் பின்வாங்குங்கள். அது உடனே ஓடாது. மூடிக்கொண்டு ஒரு கல்லாகக் கிடக்கும், நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். கரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள், கையில் நேரம் இருந்தால். முதலில் மூக்கு வரும்.